இரவுக்கு எத்தனை யூனிட்?

கே: எங்கள் ஊருக்கு சோலார் மைக்ரோகிரிட் போட எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டும்? சுற்றி வளைக்காமல் ஒரே மூச்சில் சொல்லுங்கள்.
– வாசகர், நெடுந்தீவு

ப: மாலை ஆறு மணியிலிருந்து மறுநாள் வெயில் ஏறும்வரை ஊர் எத்தனை யூனிட் எரிக்கிறதோ, அதில் ஒன்றரை மடங்கு லித்தியம், ஈய அமில பேட்டரி என்றால் மூன்று மடங்கு. இனி ‘ஏன்’ என்று கேளுங்கள். பணம் முழுக்க அந்த ‘ஏன்’-இல்தான் போகிறது.

கே: அந்த இரவுக் கணக்கை எடுப்பது எப்படி? வீட்டுக்கு ஒன்றரை யூனிட் என்று சராசரி போட்டால் போதாதா?
– பிரதேச சபை ஊழியர், வேலணை

ப: போதாது. நாளுக்கு 230 யூனிட் எரிக்கும் இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் அரவை ஆலையும் தையல் இயந்திரங்களும் பகலில் ஓடுகின்றன. இரவுக்கு 90 யூனிட் போதும். மற்றதில் பகல் முழுக்க எல்லோரும் கடலில் அல்லது தோட்டத்தில். வீடு திரும்பிய பிறகுதான் விளக்கு, விசிறி, தொலைக்காட்சி எல்லாம். இரவுச் செலவு மட்டும் 150 யூனிட். சராசரி இரண்டு ஊரையும் ஒன்றாகக் காட்டும். பேட்டரிச் செலவோ இரண்டாம் ஊருக்கு ஒன்றரை மடங்கையும் தாண்டிவிடும்.

ஆகவே வீடு வீடாகப் போகும்போது என்னென்ன பொருள் இருக்கிறது என்பதோடு நிறுத்தாதீர்கள்; எத்தனை மணிக்கு ஓடுகிறது என்று கேளுங்கள். விடியற்காலை இரண்டு மணிக்குத் தொழிலுக்குப் போகிறவர் வீட்டில் அந்நேரம் விளக்கு எரியும். பரீட்சைக் காலத்தில் பிள்ளைகள் நள்ளிரவு தாண்டிப் படிப்பார்கள். வெக்கை மாதத்தில் விசிறி விடிய விடியச் சுற்றும். இதையெல்லாம் அறிய வீட்டுப் பெண்களிடம் பேச வேண்டும். திண்ணையில் இருக்கும் ஆண்களிடம் கேட்டுவிட்டுத் திரும்பினால் சமையலறையின் நேரக்கணக்கு விட்டுப்போகும். டீசல் மின்நிலையம் ஏற்கெனவே ஓடும் தீவு என்றால் இன்னும் நல்லது. அதன் மணிவாரிப் பதிவேட்டில் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வாரப் பக்கங்களைப் பிரதி எடுங்கள். விலை கொடுத்து வாங்கும் எந்த அறிக்கையையும்விட அந்தப் பக்கங்கள் மதிப்புள்ளவை.

கே: ஒன்றரை மடங்கு, மூன்று மடங்கு என்கிறீர்களே, அது எங்கிருந்து வருகிறது? கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.
– பொறியியல் மாணவி, திருநெல்வேலி

ப: இரவுத் தேவை 140 யூனிட் என்று கொள்வோம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை அதன் கொள்ளளவில் 90 சதவீதம் வரை காலி செய்யலாம். ஆகவே 140-ஐ 0.9-ஆல் வகுத்தால் 156. பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக வீட்டுக்கு வருவதற்குள் சுமார் 8 சதவீதம் வெப்பமாகப் போய்விடும்; 0.92-ஆல் வகுங்கள், 169. மூன்றாவது வகுத்தலைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்: வயது. கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கியதும் பேட்டரியின் ஆயுள் முடிந்ததாகக் கொள்வது வழக்கம். கடைசி ஆண்டிலும் ஊருக்கு விளக்கு எரிய வேண்டுமே! 0.8-ஆல் வகுத்தால் 211.

ஈய அமிலத்துக்கும் இதே வழிதான். ஆனால் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும், இழப்பும் அதிகம். 0.5, 0.85, 0.8 என்று வகுத்துப் பாருங்கள், 412 வரும்.

பேட்டரியோடு கணக்கை மூடிவிடாதீர்கள். அதை நிரப்ப பேனல் வேண்டும். பகல் தேவை 90 யூனிட். இரவின் 140 யூனிட்டை உள்ளே போட்டு வெளியே எடுக்க 165 யூனிட். மொத்தம் 255. நல்ல வெயில் மாதத்தில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்கு 3.75 யூனிட் தரும் என்றால் 68 கிலோவாட் போதும். மழை மாதத்தில் அதே பேனல் 2.4 யூனிட்தான் தரும் என்றால் 106 கிலோவாட் வேண்டும். எந்த மாதத்துக்குக் கணக்குப் போடுகிறீர்கள் என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

கே: என் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியில் 150 ஏ.எச். என்று போட்டிருக்கிறது. அது எத்தனை யூனிட்?
– இல்லத்தரசி, விருதுநகர்

ப: 12 வோல்ட்டை 150-ஆல் பெருக்கினால் 1,800 வாட்-மணி, அதாவது 1.8 யூனிட். பாதியைத்தான் எடுக்க வேண்டும், இன்வெர்ட்டர் இழப்பும் உண்டு என்பதால் கைக்கு வருவது முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் கூட. இன்னொன்றையும் கவனியுங்கள். ‘சி10’ என்று போட்டிருந்தால் பத்து மணி நேரத்தில் காலி செய்தபோது கிடைத்த அளவு. ‘சி20’ என்றால் இருபது மணி நேரத்தில். ஈய அமில பேட்டரியை அவசரமாகக் காலி செய்தால் அது குறைவாகவே தரும். சி20 அளவில் 150 காட்டும் பேட்டரி, சி10 அளவில் 150 காட்டாது.

கே: உலகத்தில் உள்ள மைக்ரோகிரிட்டுகளைப் பார்த்து அதே விகிதத்தில் நாமும் போட்டுவிடலாமே?
– ஓய்வுபெற்ற மின் பொறியாளர், மதுரை

ப: எந்த மைக்ரோகிரிட்டைப் பார்ப்பீர்கள், ஐயா? அமெரிக்க சமோவாவில் டாவு என்றொரு சிறு தீவு. அறுநூறுக்கும் குறைவானவர்கள் வாழ்கிறார்கள். 2016-ல் அங்கே 1.4 மெகாவாட் பேனலும் 6,000 யூனிட் பேட்டரியும் வைத்தார்கள். பேனல் அளவில் நான்கு மடங்குக்கும் மேல். லட்சத்தீவின் கவரத்தியில் 1.7 மெகாவாட் பேனலுக்கு 1,400 யூனிட் பேட்டரி. ஒரு மடங்குகூட இல்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்குமான திட்டத்தில் 1,700 கிலோவாட் பேனல், 530 கிலோவாட் காற்றாலை, 2,400 யூனிட் பேட்டரி, 2,500 கிலோவாட் டீசல்.

யாரும் தவறாகக் கணக்குப் போடவில்லை. ஒவ்வொரு இடத்திலும் பேட்டரிக்குக் கொடுத்த வேலை வேறு. ஆண்டுக்கு 1,09,500 கேலன் டீசலைக் கப்பலில் இறக்கிக்கொண்டிருந்த டாவு, அதை ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்த நினைத்தது. மூன்று நாள் வெயில் இல்லாவிட்டாலும் தாங்க வேண்டும் என்றார்கள். அதற்கான விலையையும் ஏற்றார்கள். கவரத்தியில் டீசல் பக்கத்திலேயே நிற்கிறது. மேகம் கடக்கும் நிமிடங்களையும் மாலை நேரத்தையும் தாங்கினால் போதும். நம் மூன்று தீவுகளில் இரவிலும் காற்று வீசும், பின்னால் டீசலும் நிற்கும். ஆகவே விகிதத்தைக் கடன் வாங்காதீர்கள். பேட்டரி என்ன வேலை செய்யப் போகிறது என்பதை ஒரு வாக்கியத்தில் எழுதிக்கொண்டு பிறகு கால்குலேட்டரைத் தொடுங்கள்.

கே: அந்த மூன்று தீவுத் திட்டம் சீனாவுக்குப் போயிருக்க வேண்டுமா, இந்தியாவுக்கா?
– வாசகர், யாழ்ப்பாணம்

ப: 2021 ஜனவரியில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனோடு ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுக்க இலங்கை அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இந்தியா ஆட்சேபித்தது; பின்னர் சுமார் 1.1 கோடி டாலரை நன்கொடையாகவே தர முன்வந்தது. 2024 மார்ச்சில் பெங்களூரு நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. இடையில் மூன்று ஆண்டுகள். அந்த மூன்று ஆண்டும் தீவுகளில் டீசல்தான் எரிந்தது. எந்தத் தலைநகரின் கவலையையும்விட எனக்கு அந்த மூன்று ஆண்டுகள்தான் உறுத்துகின்றன.

கே: மூன்று நாள் வெயில் வராவிட்டாலும் தாங்க வேண்டும் என்று எங்கள் குழு தீர்மானம் போட்டிருக்கிறது. சரிதானே?
– கூட்டுறவுச் சங்கச் செயலாளர், இராமநாதபுரம்

ப: தீர்மானத்தைத் திரும்ப எடுத்துப் பேசுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் இரவுக்கான பேட்டரி ஆண்டில் 365 நாளும் வேலை செய்யும். இரண்டாம் இரவுக்கானது வடகிழக்குப் பருவமழையில் சில வாரங்கள் வேலை செய்யும். மூன்றாம் இரவுக்கானது புயல் சின்னம் உருவாகும் சில நாட்களுக்கு மட்டும். மூன்றுக்கும் விலை ஒன்றே. வேலையில்லாமல் கிடக்கும்போதும் வயது ஏறும். வெக்கையில் இன்னும் வேகமாக ஏறும்.

அந்தப் பணத்தில் ஒரு பகுதியைப் பேனலில் போடுங்கள். கருமேக நாளிலும் பேனல் கொஞ்சம் தரும். இரட்டிப்புப் பேனல் என்றால் அந்தக் கொஞ்சமும் இரட்டிப்பாகும். கூடவே ஒரு சிறிய ஜெனரேட்டர், அல்லது ‘மூன்றாம் நாள் தெருவிளக்கு பாதி, தொலைக்காட்சி இல்லை, மருத்துவமனைக்கு மட்டும் முழுசாக’ என்று ஊர் ஒப்புக்கொண்ட ஒரு பட்டியல். இந்த இரண்டும் இல்லாமல் மூன்று நாள் பேட்டரி வாங்கிய ஊர், கடனைக் கட்ட யூனிட் விலையை ஏற்றும். அப்போது விளக்கை முதலில் அணைப்பது ஏழை வீடுதான். நூற்றுக்கு நூறு நாள் மின்சாரம் என்ற இலக்கில் கடைசி இரண்டு மூன்று நாளுக்கான விலை மிகக் கொடியது. அதை யார் தலையில் கட்டுகிறோம் என்று பாருங்கள்.

கே: மதியம் பேட்டரி நிரம்பிய பிறகு பேனல் மின்சாரம் வீணாகிறதே, பாவமில்லையா?
– வாசகி, தஞ்சாவூர்

ப: இல்லை. மழைக்காலத்துக்கென்று போட்ட பேனல், வெயில் காலத்தில் மிச்சம் வைக்கத்தான் செய்யும். மிச்சத்துக்கு வேலை கொடுங்கள்: தண்ணீர் இறைக்க, மாவரைக்க, ஐஸ் கட்ட.

ஒரு சிறு உபாயமும் உண்டு. நம் தென்பகுதியில் நவம்பர், டிசம்பரில் சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்துவிடும். பேனலை அட்சரேகை அளவுக்கு மட்டும் சாய்க்காமல், தெற்கு நோக்கி இன்னும் கொஞ்சம் கூட்டிச் சாய்த்தால் அந்த மாதங்களில் மேகம் விலகும் நேரங்களில் சற்று அதிகம் கிடைக்கும். வானம் நிறைய மேகம் இருக்கும் நாளில் பயன் குறைவு. ஆனால் இதற்குச் செலவு ஏதுமில்லை.

கே: எங்களிடம் 200 யூனிட் பேட்டரி இருக்கிறது, நிரம்பியும் இருக்கிறது. ஐஸ் இயந்திரத்தைப் போட்டதும் ஊரே இருட்டாகிறது. பேட்டரி பழுதா?
– மீனவர் சங்கம், வேதாரண்யம்

ப: பேட்டரி நன்றாகவே இருக்கலாம். பானை எவ்வளவு பெரியதானாலும் குறுகிய வாய் வழியே ஊற்றினால் மெதுவாகத்தானே வரும்? யூனிட் என்பது பானையின் கொள்ளளவு, கிலோவாட் என்பது வாயின் அகலம். உங்கள் வாய் இன்வெர்ட்டர். 10 எச்.பி. மோட்டார் ஓடும்போது ஏழரை கிலோவாட் கேட்கும். கிளம்பும் அந்தச் சில நொடிகளிலோ வழக்கமான மின்னோட்டத்தைப்போல ஐந்து முதல் ஏழு மடங்கு இழுக்கும். இன்வெர்ட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடுகிறது.

இன்வெர்ட்டரைப் பெரிதாக்குவதற்கு முன் மோட்டாருக்கு சாஃப்ட் ஸ்டார்ட்டர் அல்லது வி.எஃப்.டி. (வேகக் கட்டுப்பாட்டுக் கருவி) போடுங்கள், மெதுவாக வேகமெடுக்கும், செலவும் குறைவு. இயந்திரத்தை மதியம் பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் ஓட்டுங்கள். பேனலிலிருந்து நேராகப் போகும் மின்சாரம் பேட்டரியைத் தொடாது, அந்த இழப்பும் இல்லை. கட்டிய ஐஸ் மறுநாள் காலைவரை பெட்டியில் கிடக்கும்.

கே: கிராமத் துணை சுகாதார நிலையத்தில் தடுப்பூசிக் குளிர்பெட்டி இருக்கிறது. அதற்காக எவ்வளவு பேட்டரி ஒதுக்க வேண்டும்?
– செவிலியர், நீலகிரி

ப: பூஜ்யம்கூட சாத்தியம், சகோதரி. தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். பகலில் பேனலிலிருந்து நேராக ஓடி, உள்ளே ஐஸ் சுவரை உறைய வைத்து, இரவில் அந்தக் குளிரிலேயே தாங்கும் பெட்டிகள் இருக்கின்றன; உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்த மாதிரிகளும் உண்டு. பேட்டரி செத்துப் போவதால் தடுப்பூசி கெடும் கதை அதில் இல்லை. பிரசவ அறை விளக்குக்கும் ஆக்சிஜன் கருவிக்கும் மட்டும் தனியாக ஒரு சிறிய பேட்டரி வையுங்கள், ஊர் மின்வலையோடு கலக்காமல். தெருவின் தவறுக்கு அந்த அறை இருட்டாகக் கூடாது.

கே: மேல்நிலைத் தொட்டியும் ஒரு பேட்டரிதானே?
– பள்ளி மாணவன், கரூர்

ப: ஆமாம், தண்ணீருக்கு. பத்தாயிரம் லிட்டரை பத்து மீட்டர் உயரத்தில் வைத்திருந்தால் அதில் அடங்கியிருக்கும் ஆற்றல் 0.27 யூனிட்தான், அதைத் திறந்துவிட்டு மின்சாரம் எடுக்கப் பார்த்தால் ஒரு விசிறிகூட இரவு முழுக்க ஓடாது. ஆனால் மதியமே தொட்டியை நிரப்பிவிட்டால் இரவில் மோட்டார் போட வேண்டியதில்லை. மோட்டார் கேட்டிருக்கும் யூனிட் பேட்டரியில் மிச்சம். கேள்வி நல்ல கேள்வி, தம்பி. பெரியவர்கள் பலர் இதைக் கேட்காமலே பேட்டரி வாங்கிவிடுகிறார்கள்.

கே: நன்றாகக் கணக்குப் போட்டும் சில ஆண்டுகளில் மைக்ரோகிரிட்டுகள் படுத்துவிடுகின்றனவே, ஏன்?
– பத்திரிகையாளர், சென்னை

ப: பீகாரின் ஜெகனாபாத் மாவட்டத்தில் தர்நை என்ற ஊர். 2014-ல் கிரீன்பீஸ் அமைப்பு அங்கே 100 கிலோவாட் அளவில் மைக்ரோகிரிட் அமைத்தது. சுமார் 450 வீடுகள். பல காலம் மின்சாரமே இல்லாதிருந்த ஊர் அது. விளக்கு எரிந்தது, மகிழ்ந்தார்கள். அடுத்து என்ன கேட்பார்கள்? தொலைக்காட்சி, குளிர்பெட்டி, இஸ்திரிப் பெட்டி. அவற்றைப் போடக் கூடாது என்றது திட்டம். விரைவிலேயே அரசு மின்கம்பியும் வந்தது, இதைவிட மலிவாக. சில ஆண்டுகளில் பேட்டரிகள் தீர்ந்தன, மாற்றப்படவில்லை. 2021 வாக்கில் அந்த வளாகத்தில் மாடு கட்டியிருப்பதாகச் செய்தி வந்தது.

ஊர் மக்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வெளிச்சம் வந்த வீட்டில் விசிறி கேட்பதும், விசிறி வந்த வீட்டில் குளிர்பெட்டி கேட்பதும் இயல்பு. நகரத்தில் நாம் எல்லோரும் அப்படித்தான் கேட்டோம். இன்றைய தேவைக்கு மட்டும் அளந்து வைத்த பேட்டரி, ‘நீங்கள் இதற்குமேல் வளராதீர்கள்’ என்று ஊரிடம் சொல்கிறது. நியூசிலாந்தைச் சேர்ந்த டோக்கெலாவ் பவளத்தீவுகளில் 2012-ல் அமைத்தபோது, அன்றைய தேவையில் ஒன்றரை மடங்குக்குத் திட்டமிட்டார்கள். மூன்று தீவிலும் சேர்த்து 4,032 பேனல், 1,344 பேட்டரி.

எல்லாவற்றையும் முதல் நாளே வாங்கச் சொல்லவில்லை. லித்தியம் என்றால் பின்னால் அடுக்கு அடுக்காகச் சேர்க்க முடியும். அதற்கு அறையில் இடமும், கம்பியில் தடிமனும், இன்வெர்ட்டரில் திறனும் இன்றே இருக்க வேண்டும். ஈய அமிலத்தில் பழையதோடு புதியதைக் கோக்கக் கூடாது. பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு போகும்.

கே: விலை குறைவு என்று ஈய அமிலமே வாங்கிவிடலாமா?
– வாசகர், அனலைதீவு

ப: வாங்கும் நாளில் மலிவு. வெப்பம் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரி ஏறும்போதும் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. தகரக் கூரை அறையில் உங்கள் சித்திரை வெயிலை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து ஆண்டில் மறுபடி படகு, மறுபடி கூலி. லித்தியத்தையும் வெக்கை பாதிக்கும். எதை வாங்கினாலும் அறைக்கு இரட்டைக் கூரையும் காற்றோட்டமும் கொடுங்கள். ஏசி போடுவதென்றால் அது தின்னும் யூனிட்டையும் கணக்கில் சேருங்கள்.

கே: பழைய மின்சாரக் கார் பேட்டரி?
– மெக்கானிக், கோயம்புத்தூர்

ப: சோதித்து, எஞ்சிய கொள்ளளவை எழுதிக் கொடுத்து, பி.எம்.எஸ். (பேட்டரி மேலாண்மை அமைப்பு) ஒழுங்காக இருந்தால் யோசிக்கலாம். வாய்ச்சொல்லை நம்பி ஊர்ப் பொதுவுக்கு வேண்டாம்.

கே: ஹோமர் மென்பொருளில் போட்டால் எல்லாம் வந்துவிடுமாமே?
– ஆராய்ச்சி மாணவர், பேராதனை

ப: அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தில் பிறந்த நல்ல கருவி. ஆண்டின் 8,760 மணியையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து, மலிவான சேர்க்கையைச் சொல்லும். ஆனால் மணிவாரித் தேவையை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். மேலே வேலணை அன்பருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கே: பேட்டரி வந்துவிட்டால் டீசலைத் தலை முழுகிவிடலாமா?
– வாசகி, நாகப்பட்டினம்

ப: அவசரப்பட வேண்டாம். டீசல் ஜெனரேட்டரை அதன் திறனில் 30 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் சரியாக எரியாமல் இயந்திரம் கெடும். நடு இரவில் நாலு விளக்குக்காகப் பெரிய இயந்திரம் ஓடுவது அதனால்தான் கொடுமை. அந்த வேலையைப் பேட்டரி எடுத்துக்கொள்ளட்டும். டீசலைக் கூப்பிடும் நாளில் நல்ல பாரத்தில் சில மணி நேரம் ஓட்டி, பேட்டரியை நிரப்பிவிட்டு அணையுங்கள். ஓடும் மணி குறையக் குறைய எண்ணெய்ச் செலவு விழும்.

கே: பத்து ஆண்டு கழித்து பேட்டரி மாற்றப் பணம் யார் தருவார்?
– ஊராட்சி உறுப்பினர், திருவண்ணாமலை

ப: முதல் மாதக் கட்டணத்திலிருந்தே நீங்கள்தான். பேட்டரி விலையை அது ஆயுள் முழுக்கத் தரப்போகும் யூனிட்டால் வகுத்து, வரும் தொகையை ஒவ்வொரு யூனிட் கட்டணத்திலிருந்தும் தனி வங்கிக் கணக்கில் போடுங்கள். இருவர் கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாதபடி வையுங்கள். இருப்பை மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். மானியத்தில் வந்த பேட்டரிக்கும் இது வேண்டும். அடுத்த பேட்டரிக்கு மானியம் வரும் என்று யாரும் எழுதித் தரவில்லை.

கே: நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு வரும் கூட்டத்தையும் கணக்கில் எடுத்துத்தானே பேட்டரி வாங்க வேண்டும்?
– பக்தர், புங்குடுதீவு

ப: வேண்டாம். திருவிழா ஆனி மாதத்தில் வருகிறது. அப்போது வெயிலும் இருக்கும், சோளகமும் பலமாக வீசும். பேனல், காற்றாலை இரண்டும் நன்றாகத் தரும் காலம். மிஞ்சிய தேவைக்கு டீசல் நிற்கிறது. இரவு அலங்கார விளக்குகளை எல்.இ.டி.-க்கு மாற்றச் சொல்லுங்கள், அன்னதான மடத்துக்கான தண்ணீரைப் பகலிலேயே இறைத்து வைக்கச் சொல்லுங்கள். பேட்டரிக் கணக்கை கார்த்திகை மாதத்து இரவுகளுக்குப் போடுங்கள்: மழை, காற்று சரியில்லாமல் படகு ஓடாத நாள், வெளியூரார் யாரும் இல்லை, ஊரவர் மட்டும் வீட்டில்.